தூரைச் சுற்றி ஒரு மீட்டர்

மரத்தில் ஐந்தடி உயரத்தில் அடித்த ஆணி, இருபது ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தாலும் அதே ஐந்தடியில்தான் இருக்கும். மரம் இரண்டு மாடி உயரத்துக்குப் போயிருக்கும். ஆணி ஓர் அங்குலம்கூட ஏறியிருக்காது. மரம் உயர்வது கிளை நுனிகளில் மட்டுமே. அடிமரம் உயர்வதில்லை, பருக்கிறது. அதனால் ஒருமுறை தைத்த ஆணியை மரம் தன்னிடமிருந்து தள்ளிவிட முடியாது. அதைச் சுற்றிப் பருத்து உள்ளே விழுங்கிக்கொள்ளத்தான் முடியும். விழுங்கிய பிறகு வெளியே தெரிவதெல்லாம் பட்டையில் ஒரு சுருக்கமும், மழைநாளில் அங்கிருந்து வடியும் துருநிறக் கறையும்தான்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்று ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு காட்சியைக் காண முடிகிறது. குறடு, ஆணி பிடுங்கும் சுத்தியல், ஒரு பழைய பெயிண்ட் டப்பா ஆகியவற்றோடு பத்துப் பேர் தெருவில் இறங்குகிறார்கள். கல்லூரி மாணவர், ஓய்வு பெற்ற ஆசிரியை, மளிகைக் கடைக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எனக் கலவையான கூட்டம். டியூஷன் போர்டு, ‘வீடு வாடகைக்கு’ அட்டை, பல் மருத்துவமனைத் தகரம், போன திருவிழாவுக்குச் சுற்றிய சீரியல் பல்பு வயர் என ஒவ்வொன்றாக இறங்குகிறது. பெயிண்ட் டப்பாவில் ஆணிகள் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதே குழு அடுத்த வாரம் கடப்பாரையோடு வந்து, மரத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும் சிமெண்டைப் பெயர்க்கிறது. கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறது.

இந்த வேலையை நல்ல மனசு என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நல்ல மனசுதான். ஆனால் இந்த ஒவ்வொரு செயலுக்குப் பின்னாலும் மரத்தின் உடற்கூறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு செய்தால் மரம் பிழைக்கும். தெரியாமல் செய்தால் நல்ல மனசே சில நேரம் மரத்துக்குக் காயமாகும்.

ஆணியிலிருந்தே தொடங்கலாம். மரத்தின் வெளிப்பட்டைக்கு அடியில் ஃபுளோயம் என்ற மெல்லிய அடுக்கு உண்டு. இலைகள் சமைத்த சர்க்கரை அதன் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அதற்கும் உள்ளே கேம்பியம். மரத்தைப் பருக்க வைக்கும் உயிரணுக்கள் இங்கேதான் பெருகுகின்றன. தடிமன் ஒரு தாளைவிட அதிகமில்லை. அதற்கும் உள்ளே சைலம், அதாவது கட்டை. வேர் உறிஞ்சிய நீர் மேலேறுவது அதன் வெளிவளையங்களில். இரண்டு அங்குல ஆணி இந்த மூன்றையும் துளைத்துக்கொண்டு போகிறது. துளை சிறியதுதான். ஆனால் பட்டை என்ற காப்பு அங்கே உடைந்துவிட்டது. கட்டையைத் தின்னும் பூஞ்சைகளின் வித்துகள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்குத் தேவை இப்படி ஒரு வாசல்.

காயம் பட்டால் மரம் என்ன செய்கிறது என்பதை நமக்குச் சொன்னவர் அமெரிக்க வனத்துறையில் மர நோயியல் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ. அவருக்கு முன்னிருந்தவர்கள் மரத்தைக் குறுக்கே அறுத்து வளையங்களைப் பார்த்தார்கள். அவர் சங்கிலி ரம்பத்தால் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு பழைய காயத்திலிருந்தும் அழுகல் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தேடினார். 1977ஆம் ஆண்டு வெளியான அவருடைய விளக்கம் மர மருத்துவத்தையே திருப்பிப் போட்டது. நமக்குத் தோல் கிழிந்தால் அந்த இடத்திலேயே புதுத் தோல் வளர்ந்து புண் ஆறுகிறது. மரத்துக்கு அது முடியாது. கெட்டுப்போன கட்டையை அது ஒருபோதும் சரிசெய்வதில்லை. அந்தப் பகுதியைக் கைவிட்டுவிட்டு, அதைச் சுற்றி மேலும் கீழும், உள்ளேயும், பக்கவாட்டிலும் பிசினும் வேதிப்பொருள்களும் கொண்டு தடுப்புகளை எழுப்புகிறது. காயத்துக்குப் பிறகு புதிதாக உருவாகும் கட்டைக்கும் பழைய கட்டைக்கும் நடுவே கேம்பியம் கட்டும் சுவர்தான் நான்காவது; எல்லாவற்றிலும் வலுவானது. அழுகல் அந்தச் சிறைக்குள் கிடக்க, மரம் அதற்கு வெளியே பருத்துக்கொண்டு போகிறது.

ஒவ்வொரு சுவருக்கும் மரம் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையைச் செலவழிக்கிறது. ஓர் ஆணியால் மரம் சாகாது. அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் நகரத்து மரத்தில் ஓர் ஆணி என்பதே கிடையாது. ஒவ்வொரு பள்ளி ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு டியூஷன் போர்டு, ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு தட்டி. நீர் குறைவு, புழுதி, சூடு, வெட்டு ஆகியவற்றோடு போராடும் மரத்திடமிருந்து இந்தச் சில்லறைச் செலவுகள் தொடர்ந்து பிடுங்கப்படுகின்றன.

பிடுங்குவதிலும் முறை இருக்கிறது. சுத்தியலை நேரே பட்டையில் ஊன்றி நெம்பினால் ஆணித் துளையைவிடப் பெரிய காயம் உண்டாகும். அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்து நெம்ப வேண்டும். ஆணியின் தலையே கட்டைக்குள் புதைந்துவிட்டது என்றால் விட்டுவிடுவதே நல்லது. அதைச் சுற்றி மரம் கட்டி முடித்த சுவரை நாமே உளியால் உடைப்பதாக ஆகிவிடும். பிடுங்கிய இடத்தில் தாரோ பெயிண்டோ பூச வேண்டாம். அவை அழுகலைத் தடுப்பதில்லை என்பது ஷைகோ பிளந்து பார்த்த மரங்களில் தெளிவானது. மின் இணைப்புள்ள வயர் சுற்றியிருந்தால் அதைத் தொடாமல் மின்வாரியத்தைத்தான் அழைக்க வேண்டும்.

ஆணியைவிட நான் அதிகம் அஞ்சுவது கம்பியையும் கூண்டையும். கன்று நடும்போது ஆடு மாடு கடிக்காமல் இருக்க இரும்புக் கூண்டு வைக்கிறோம். மரம் பருத்துக் கூண்டை முட்டுகிறது. அதற்குள் கூண்டு வைத்தவர்களுக்கு அது மறந்துபோய்விடுகிறது. அடிமரம் பருப்பதை நிறுத்தாது, இரும்பு விரியாது. கம்பி மெல்ல மெல்லப் பட்டையை அறுத்து ஃபுளோயத்தை நசுக்குகிறது. இலை சமைத்த சர்க்கரை அந்த இடத்தோடு நின்றுவிடும். கம்பிக்கு மேலே அடிமரம் தடித்துப் புடைக்கும், கீழே மெலிந்திருக்கும். மேலே இலைகள் பச்சையாகவே தெரியும், ஏனென்றால் நீர் போகும் பாதை இன்னும் உள்ளே திறந்திருக்கிறது. வேர் மட்டும் பட்டினி கிடக்கும். மரத்தின் மேல்பகுதியைப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. தூரருகே குனிந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். கூண்டை அறுத்தெடுக்க ஒரு வெல்டிங் கடைக்காரர் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இனி மண். தெரு மரத்தின் வாழ்வும் சாவும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

மரத்தின் வேர் கிணற்றாழத்துக்குப் போகிறது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பங்கு மண்ணின் மேல் இரண்டடிக்குள்ளேயே பரவியிருக்கிறது. ஆழத்துக்கு பதிலாக அகலம்: கிளைகள் விரிந்த எல்லையையும் தாண்டி வேர்கள் ஓடும். மேலே ஏன் தங்குகின்றன என்றால், அங்கேதான் காற்று இருக்கிறது. வேரும் மூச்சு விடுகிறது. இலையிடமிருந்து வந்த சர்க்கரையை எரித்துத்தான் அது வளரவும் நீரை உள்ளிழுக்கவும் முடியும். எரிக்க ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜனை இலை அனுப்பிவைக்காது. மண்ணின் இடுக்குகளிலிருந்து வேர் தானே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல தோட்டத்து மண்ணில், கனஅளவில் ஏறத்தாழ பாதிதான் மண்ணும் மட்கும். மீதிப் பாதி வெற்றிடம். அதில் பாதி நீர், பாதி காற்று. அதன்மேல் வண்டிகள் ஏறி இறங்கினால், மணல் குவிக்கப்பட்டால், ரோடு ரோலர் ஓடினால் அந்த இடுக்குகள் நசுங்குகின்றன. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மண்ணுக்குள் அது சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது பெரும்பாலான மரங்களுக்கு வேர் வளர்ச்சி தளர்ந்துவிடுகிறது. மேலே சிமெண்டும் பூசிவிட்டால் மழையும் இறங்காது, காற்றும் இறங்காது. அப்போது வேர் என்ன செய்யும்? சிமெண்டுக்கும் மண்ணுக்கும் நடுவே கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் காற்றும் தங்கியிருக்கும் அந்த மெல்லிய இடுக்கில் புகுந்து பருக்கும். நடைபாதைக் கல் தூக்கிக்கொள்ளும். மரம் நடைபாதையை உடைக்கிறது என்று புகார் எழும். மூச்சுக்கு வழியில்லாமல் வேர் மேலே வந்தது என்பதே அங்கு நடந்தது.

டெல்லியில் இதற்கு ஒரு சட்ட வழி கிடைத்தது. மரத்தின் தூரைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. உறிஞ்சும் வேர்கள் ஓடும் அகலத்தோடு ஒப்பிட்டால் ஒரு மீட்டர் மிகவும் குறைவு. ஆனாலும் அது வீணில்லை. கிளைகளில் விழும் மழையில் ஒரு பங்கு அடிமரம் வழியாக வழிந்து தூரில்தான் சேர்கிறது. அங்கே மண் திறந்திருந்தால் அது நேரே உள்ளே போகும். அடிமரம் பருக்கவும் இடம் கிடைக்கிறது.

ஒரு தெருவில் தன்னார்வலர்கள் புங்கை மரத்தடியைத் திறந்ததை அருகில் நின்று பார்த்தேன். ‘சம்மட்டி வேண்டாம், உளி போதும்’ என்று அவர்களில் மூத்தவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சம்மட்டி அடியில் சிமெண்டோடு சேர்ந்து அடியிலிருக்கும் வேரும் நசுங்கிவிடும் என்பது அவர் கண்டறிந்த பாடம். பெயர்த்தெடுத்த துண்டின் அடிப்பக்கத்தில் வலைபோலச் சல்லி வேர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கீழே இருந்த மண் சாம்பல் நிறத்தில், பாறையாக இறுகியிருந்தது. முதல் வாளித் தண்ணீர் ஊற்றியபோது அது உள்ளே போகவே இல்லை. அப்படியே தேங்கி நின்றது. அவர்கள் முள்கரண்டியால் வேரைத் தொடாமல் மேல்மண்ணை மட்டும் கிளறி, மட்கிய எருவைத் தூவி, உலர்ந்த இலைகளை நாலு விரல் உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பினார்கள். சில வாரங்கள் கழித்து அதே இடத்தில் ஊற்றிய தண்ணீர் சிறு சிறு குமிழிகளை மேலே அனுப்பிக்கொண்டே இறங்கியது. மண்ணின் இடுக்கிலிருந்த காற்றை நீர் வெளியே தள்ளியதால் வந்த குமிழிகள் அவை. இலைக்குப்பைக்கு அடியில் மண்புழுவும் பிற சிற்றுயிர்களும் வந்து சேர்ந்து, துளைகள் போட்டுக்கொடுத்ததன் பலன். மண்ணுக்கு மூச்சு வந்துவிட்டதா என்று அறிய ஒரு வாளித் தண்ணீரைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. திறந்த குழியை மண்ணால் மேடாக நிரப்பித் தூரை மூடிவிடக் கூடாது. அடிமரம் வேராக விரியும் இடத்தில் பட்டை எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். ஈரமண் ஒட்டிக்கொண்டே இருந்தால் பட்டை அழுகும். மூடாக்கையும் அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளித்தான் போட வேண்டும்.

அந்த மூடாக்கைத்தான் நாம் தினமும் கொளுத்துகிறோம். தெருவைப் பெருக்கி, சருகுகளை மரத்தடியிலேயே குவித்துத் தீ வைப்பது நம் ஊர்களில் பழகிப்போன ஒன்று. கேம்பியம் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் செத்துவிடும். பட்டை தடித்த மரம் கொஞ்ச நேரம் தாங்கும். பட்டை மெல்லிய இளமரத்துக்குச் சில நிமிடங்களே போதும். தீ எரிந்த பக்கம் மட்டும் பட்டை ஒருநாள் கழன்று விழும்போதுதான் தெரியவரும். ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து வேறெதுவும் செய்யாவிட்டாலும் சருகு கொளுத்துவதை நிறுத்தினாலே அந்தத் தெரு மரங்களுக்கு அது பேருதவி.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தூங்குமூஞ்சி, குல்மொஹர், இயல்வாகை போன்ற வெளிநாட்டு மரங்களை நட்டதால்தான் இந்தக் கதி என்ற பேச்சு உடனே எழுந்தது. அதில் உண்மை இருக்கிறது. அகன்ற குடையும் எளிதில் முறியும் கட்டையும் கொண்ட மரம் காற்றுக்கு முதலில் பலியாகும். ஆனால் சாலையோரங்களில் அதிகம் நின்றவை எவையோ, அவைதானே அதிகம் விழுந்தும் இருக்கும்? விழுந்தவற்றை எண்ணினால் போதாது, நின்றவற்றில் எத்தனை விழுந்தன என்று கேட்க வேண்டும். வேரோடு சாய்ந்த பல மரங்களின் அடியைப் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரிந்தது: தட்டையான, ஒரு பக்கம் கத்தரித்தாற்போன்ற வேர்த்தட்டு. மரத்தைச் சாயாமல் பிடிப்பவை தூரிலிருந்து சில அடிக்குள் கிளம்பும் தடித்த வேர்கள். வடிகாலுக்கும் கேபிளுக்கும் குழாய்க்கும் பள்ளம் தோண்டும்போது அந்த வேர்கள் ஒரு பக்கம் முழுதும் வெட்டுப்பட்டால், மரம் மேலே செழிப்பாகவே நிற்கும், புயல் வரும்வரை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஊறிப்போன மண்ணுக்குப் பிடிப்பும் குறைவு. இதை ஆணி பிடுங்குவதுபோலச் சரிசெய்ய முடியாது. ஆனால் பள்ளம் தோண்டும் நாளில் அந்தத் தெருவில் ஒருவர் போய் நின்று, தடித்த வேரை வெட்டாமல் அதன் அடியில் குழாயைச் செலுத்தச் சொல்லிக் கேட்கலாம். ஒப்பந்ததாரருக்கு அது கூடுதல் வேலைதான். இருந்தாலும் கேட்டால் நடக்கிறது, கேட்காவிட்டால் நிச்சயம் நடப்பதில்லை.

மரத்தின் பக்கத்தில் குடியிருப்பவர் கவனிப்பது உண்மையில் வித்தியாசம் உண்டாக்குகிறதா? நியூயார்க்கில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1999 முதல் 2003 வரை தெருக்களில் நட்ட மரங்களில் 13,405 மரங்களை, 2006, 2007 கோடைகளில் ஆய்வாளர்கள் தேடிப் போய்ப் பார்த்தனர். 74.3 சதவீதம் உயிரோடு இருந்தன. தனி வீடுகள் நிறைந்த தெருக்களில் அது 82.7 சதவீதம்; தொழிற்பேட்டைகளிலும் காலிமனைகளின் ஓரத்திலும் சுமார் 60. நகராட்சி ஒன்றுதான். அருகில் ஆள் இருப்பதும் இல்லாததும் வேறு. தூரைச் சுற்றிப் பூச்செடி வைத்திருப்பது, கையால் எழுதிய அறிவிப்பை நட்டிருப்பது போன்ற கவனிப்பின் தடயங்கள் இருந்த மரங்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தன. செழிப்பான மரத்தைத்தான் மக்கள் கவனிக்கிறார்களோ என்று எதிர்க்கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் நீர் பாய்ச்சலுக்கும் இளமரத்தின் உயிருக்கும் உள்ள தொடர்பு அந்தக் கேள்வியால் உடைந்துவிடாது.

அதே நகரம் 2015இல் தெரு மரங்களைக் கணக்கெடுத்தபோது 2,200க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் தெருத் தெருவாக நடந்தனர். உயிரோடிருந்த மரங்களோடு பட்டுப்போனவற்றையும் வெட்டிய கட்டைகளையும் சேர்த்து 6,80,000க்கு மேல் பதிவாயின. ஒவ்வொரு மரத்துக்கும் இனம், அடிமரத்தின் அளவு மட்டுமில்லை. வேரில் கல் அழுத்துகிறதா, அடிமரத்தில் கம்பி சுற்றியிருக்கிறதா, கிளையில் பழைய செருப்பு தொங்குகிறதா என்பதுவரை பத்திகள். யாராவது இதைக் கவனிக்கிறார்களா என்பதற்கும் தனியாக ஒரு பத்தி. கவாத்துப் பயிற்சி பெற்று உரிமம் வாங்கிய குடிமக்களும் அங்கே இருக்கிறார்கள். ஏணி ஏறாமல் தரையில் நின்றபடியே எட்டும் கிளைகளை மட்டும் வெட்ட அவர்களுக்கு அனுமதி.

சென்னையில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய ‘நிழல்’ அமைப்பு மக்களை மரங்களின் அருகே அழைத்துப்போய் இனம் சொல்லிக் கொடுத்தது. கோட்டூர்புரத்தில் அடையாற்றின் கரையில் குப்பை கொட்டிக்கிடந்த இடத்தைத் தன்னார்வலர்கள் மரப்பூங்காவாக வளர்த்தெடுத்தார்கள். அங்கே நடந்தது ஒருநாள் நடவுவிழா அல்ல, ஆண்டுக்கணக்கில் நீர் ஊற்றிக் களை பறித்தது.

நடவுவிழாக் கன்றுகள் ஏன் சாகின்றன என்பதற்கு எளிய காரணம் உண்டு. நர்சரியின் பாலித்தீன் பையில் வளர்ந்த கன்றின் வேர், பையின் சுவரை முட்டி வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படியே நட்டால் அந்த வட்டம் பருத்துப் பருத்து ஒருநாள் தன் அடிமரத்தையே இறுக்கும். நடும்போது சுற்றிய வேர்களைக் கத்தரித்து விரித்துவிட வேண்டும். நட்ட பிறகும் பல மாதங்களுக்கு வேர் அந்தப் பை மண் அளவிலேயே இருக்கும்; சுற்றிலும் ஈரமிருந்தாலும் எட்டாது. ஆகவே நீர் அந்த இடத்தில்தான் விழ வேண்டும். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் மேல்மண் மட்டும் நனைந்து வேர் மேலேயே தங்கிவிடும். வாரம் இரண்டு முறை ஒரு குடத்தை மெதுவாக ஊற்றி ஆழம்வரை நனைத்தால் வேர் கீழே தேடிப்போகும். முதல் மூன்று கோடைகளைத் தாண்டிய மரம் பெரும்பாலும் நிலைத்துவிடும். முட்டுக்கொம்பையும் விறைப்பாகக் கட்ட வேண்டாம். காற்றில் ஆடும் தண்டு ஆட ஆடத்தான் தடிக்கிறது. தொடுதலுக்கும் ஆட்டத்துக்கும் செடி இப்படி வளர்ச்சியை மாற்றிக்கொள்வதை மார்க் ஜாஃப் 1973இல் ஆய்வுகளால் காட்டினார். தளர்வாகக் கட்டி, ஓர் ஆண்டில் அவிழ்த்துவிடலாம்.

இத்தனை பாடும் எதற்கு என்பதற்கு பெங்களூரில் எடுத்த அளவுகள் பதில் சொல்கின்றன. மரங்கள் நிற்கும் சாலைத் துண்டையும் இல்லாத துண்டையும் ஹரிணி நாகேந்திராவும் சக ஆய்வாளர்களும் ஒப்பிட்டார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி பிற்பகலில் மர நிழலில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரை குறைந்திருந்தது. தார்ச்சாலையின் மேற்பரப்பு 27.5 டிகிரி வரை. கத்திரி வெயிலில் அந்தத் தார்மேல் தள்ளுவண்டி தள்ளுபவருக்கும் பள்ளி விட்டு வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைக்கும் இந்த எண்கள் எவ்வளவு பெரியவை! ஐம்பது வயது மரம் தரும் நிழலை ஐம்பது கன்றுகளும் இன்றைக்குத் தந்துவிட முடியாது. அதனால்தான் புதிதாக நடுவதற்கு முன், நிற்கும் மரத்தைக் காப்பாற்றுவதையே முதல் வேலையாக வைக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

உங்கள் தெருவில் தொடங்குவதற்குத் தையல்காரர் நாடாவும் ஒரு நோட்டும் போதும். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை எடுங்கள். உலகெங்கும் மரத்தை அளக்கப் பயன்படும் உயரங்களில் ஒன்று அது. அதே மாதத்தில், அதே உயரத்தில், ஆண்டுக்கு ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். மூச்சு முட்டும் மரம் முதலில் நிறுத்துவது பருப்பதைத்தான்; இலை வாடுவதற்கு வெகுகாலம் முன்பே சுற்றளவு அதே எண்ணில் நின்றுவிடும். பக்கத்து மரங்களெல்லாம் பருத்திருக்க ஒன்று மட்டும் இரண்டு ஆண்டாக அசையவில்லை என்றால் அதன் தூரடியில் குனிந்து பாருங்கள். கம்பியா, சிமெண்டா, தீக்காயமா, வெட்டிய வேரா என்பது அங்கே தெரியும்.